பைகள் மட்டும் போன படகு

'சமூகத்தை மனதில் வைத்து வடிவமைக்கப்பட்டது' என்று ஒரு பொருளின் மேல் எழுதியிருந்தால், அதில் ஏறுவதற்கு முன் இரண்டு தரம் யோசியுங்கள். எந்தச் சமூகம், யாருடைய மனது, அந்த மனதில் வேறு என்னென்ன கிடந்தன என்பதை எழுதியவர்கள் சொல்வதில்லை. எங்கள் படகின் பக்கவாட்டில் அந்த வாசகம் மூன்று மொழியிலும் இருந்தது. படகு வந்த நாளில் அதை வாசித்து மகிழ்ந்தவர்களில் நானும் ஒருத்தி.

நான் மூதூர்க்காரி. ஊரிலேயே ஒரு பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவேன், மற்ற நாட்களில் கோபப்படுவேன். எங்களுக்கும் திருகோணமலை நகரத்துக்கும் இடையில் கொட்டியாரக்குடா கிடக்கிறது. கடலால் போனால் லோஞ்ச் என்கிற மோட்டார் படகில் ஏறி ஒரு தூக்கம் போட்டு எழும்ப நகரம் வந்துவிடும். தரையால் போனால் கிண்ணியாவைச் சுற்றி, பாலம் பாலமாகக் கடந்து, பஸ் நிற்கிற இடமெல்லாம் நின்று, இடுப்பு கழன்று போய்ச் சேர வேண்டும். சுகதேகிகளுக்கு அது பயணம். என் சிநேகிதிக்கு அது வதை.

அவர் எங்கள் பாடசாலையின் கணக்கு டீச்சர். எனக்கு அவர் டீச்சர், அவருக்கு நான் டீச்சர். இத்தனை வருடத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டதில்லை. இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டன. புதனும் சனியும் நகரத்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போய், டயலிசிஸ் மெஷினில் படுத்து, இரத்தத்தைச் சுத்திகரித்து, உடம்பில் தேங்கிய தண்ணீரை எடுத்துக்கொண்டு வர வேண்டும். புதனில் அவருடைய தங்கை கூடப் போவாள். சனியில் நான். பஸ்ஸில் போய்வந்தால் திரும்பும் வழியெல்லாம் சத்தி எடுப்பார். ஆகவே அவருடைய உயிர் லோஞ்சில்தான் போய்வந்துகொண்டிருந்தது. இது மிகையில்லை. கிழமைக்கு இரண்டு தரம் அந்தக் கடலைத் தாண்டினால்தான் அவருக்கு அடுத்த கிழமை.

இந்த நிலையில்தான் ஆளில்லாப் படகுத் திட்டம் வந்தது. ஓட்டுபவர் இல்லை, டீசல் இல்லை. சூரிய ஒளியில் ஓடும், தானே யோசிக்கும், தானே போய் தானே வரும். ஏதும் ஆபத்து என்றால் நிறுத்துவதற்கு நகரத்து ஜெட்டியில் குளிரூட்டிய அறை ஒன்றில் ஒருவர் திரையைப் பார்த்தபடி இருப்பார். இதையெல்லாம் எங்களுடன் கலந்து பேசுவதற்கு ஒரு கூட்டம் வைத்தார்கள். படகைப் பற்றிப் பேச மூதூர்ச் சனத்தை பஸ்ஸில் ஏற்றி, கிண்ணியாவைச் சுற்றி, நகரத்துக்கு அப்பால் ஒரு கடற்கரை ஹோட்டலுக்குக் கொண்டுபோனார்கள். போய் இறங்கும்போதே பாதிப் பேருக்குத் தலைச்சுற்று. இங்கிலிஷ் டீச்சர் என்றபடியால் என்னை மொழிபெயர்க்க வைத்தார்கள். கழுத்தில் ஓர் அட்டையும் தொங்கியது.

திட்டத்தின் சமூகப் பிரிவுக்குப் பொறுப்பான அம்மணி, கொழும்பிலிருந்து வந்தவர், நல்ல சிரிப்பு. எல்லோருக்கும் நிறநிறமான கடதாசித் துண்டுகளைக் கொடுத்து, உங்கள் கனவுப் படகு எப்படி இருக்க வேண்டும் என்று எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார். நாற்பது வயது கடந்த மீன் வியாபாரிகள் நேர்சரிப் பிள்ளைகளைப் போல வரிசையில் நின்று ஒட்டினார்கள். அநேகமானோர் நீல நிறம் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அம்மணி அதைப் படம் பிடித்துக்கொண்டார். பிறகு படகு வெள்ளையில் வந்தது.

கூட்டத்தில் உருப்படியாக ஒரே ஒரு கேள்விதான் கேட்கப்பட்டது. கேட்டவர் என் சிநேகிதி. கதிரையை விட்டு எழும்ப ஏலாமல், இருந்தபடியே கேட்டார்.

"ஏலாத ஆள் ஒண்டு கரையில வாறதக் கண்டா, அந்தப் படகு கொஞ்சம் நிக்குமா?"

நான் மொழிபெயர்த்தேன். படகை வடிவமைத்த இன்ஜினியர் இளம் ஆள், மரியாதையானவர், பொய் சொல்லத் தெரியாத முகம். அவர் பெருமையோடு சொன்னார், இந்தப் படகு ஒருநாளும் பிந்தாது என்று. அதையும் மொழிபெயர்த்தேன். சபை கைதட்டியது. டீச்சர் மட்டும் என்னைப் பார்த்து, தான் கேட்டது அது இல்லையே என்றார். அதையும் ஆங்கிலத்தில் சொன்னேன். ஆனால் அதற்குள் சாப்பாடு தயார் என்று அறிவித்துவிட்டார்கள். பிரியாணி நன்றாக இருந்தது என்பதை நேர்மையாகச் சொல்லத்தான் வேண்டும்.

இனி எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். லோஞ்ச் கட்டிக் கிடக்கும்போது உள்ளே இருக்க மனிதரால் ஏலாது, அவ்வளவு வெக்கை. ஆகவே வருகிற ஒவ்வொருவரும் தன் பையையோ குடையையோ ஓர் இருக்கையில் வைத்துவிட்டு இறங்கி வந்து, மர நிழலிலோ தேத்தண்ணிக் கடையிலோ நிற்பார். பை இருந்தால் ஆள் இருப்பதாகத்தான் கணக்கு. அதை ஒருவரும் அசைக்க மாட்டார்கள். யன்னலோர இருக்கை ஒன்றில் யாராவது ஓடிப்போய் டீச்சரின் பையை முதலில் வைத்துவிடுவார்கள். புறப்படும் நேரம் ஓட்டுபவர் கரையை ஒரு தரம் பார்ப்பார், பைகளையும் ஒரு தரம் பார்ப்பார். ஆளில்லாத பை ஒன்று இருந்தால் அது யாருடையது என்று சத்தம் போட்டுக் கேட்பார். ஆள் வந்த பிறகுதான் கயிறு அவிழும்.

இதைக் கூட்டத்தில் ஒருவரும் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? நாங்கள் மூக்கால்தான் மூச்சு விடுகிறோம் என்று எந்தக் கூட்டத்தில் யார் எழும்பிச் சொல்லியிருக்கிறார்கள்? அதைக் கண்டுபிடிக்க நிறக் கடதாசி வேண்டாம். ஒரே ஒரு நாள் மூதூர் ஜெட்டிக்கு வந்து ஒரு பிளேன்ரீ குடித்திருந்தால் போதும்.

திறப்புவிழா ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது. சுபநேரம் பார்த்து வைத்தார்களாம். அந்தச் சுபநேரம் சரியாக ஜும்மாத் தொழுகை நேரத்தில் வந்து விழுந்தது. ஊரின் பாதி ஆண்கள் பள்ளிவாசலில் இருக்க, சமூகத்தை மனதில் வைத்த படகுக்கு முன்னால் பெண்களும் பாடசாலை பாண்ட் வாத்தியமும் பெரிய மனிதர்களும் நின்றார்கள். தேங்காய் உடைத்தார்கள், நாடா வெட்டினார்கள். படகு தமிழில் பேசியது. அன்பார்ந்த பயணிகளே, தயவுசெய்து அமருங்கள் என்று, இந்த மாவட்டத்தில் எவரும் பேசாத ஒரு தமிழில் ஒரு பெண்குரல் குழைந்தது. ஓட்டுபவரை வீட்டுக்கு அனுப்பி, பழைய லோஞ்சை ஜெட்டியின் ஓரத்தில் ஓய்வுக்குக் கட்டிவிட்டார்கள்.

அடுத்த நாள் சனி. படகின் முதல் வேலைநாள், டீச்சரின் டயலிசிஸ் நாள். நாங்கள் வெள்ளனவே போய்விட்டோம். புதுப் படகு முழுக்கக் கண்ணாடி. குளிரூட்டி இருக்கிறதுதான், ஆனால் பற்றறியை மிச்சம்பிடிப்பதற்காகப் படகு புறப்பட்ட பிறகுதான் அது வேலை செய்யுமாம். உள்ளே கால் வைத்தால் பாண் சுடுகிற போறணைக்குள் புகுந்த மாதிரி இருந்தது. ஆகவே எல்லோரும் என்ன செய்தோம்? காலங்காலமாகச் செய்ததைச் செய்தோம். பையை வைத்துவிட்டு இறங்கினோம்.

அந்த இருக்கைகளுக்கு அடியில் பாரத்தை உணர்கிற கருவி இருந்தது எங்களுக்குத் தெரியாது. சின்னப் பிள்ளைகளையும் கணக்கில் விட்டுவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் அதை மிக மென்மையாக அமைத்திருந்தார்கள். ஒரு குடையை வைத்தாலும் அதற்கு ஆள்தான். எல்லா இருக்கையும் நிரம்பிவிட்டால் நேரத்துக்குக் காத்திருந்து வீணாக்காமல் உடனே புறப்பட வேண்டும் என்பது அதற்குக் கற்பிக்கப்பட்ட இன்னொரு பாடம்.

கடைசிப் பையும் வைத்தாயிற்று. கதவு மூடியது. கயிறு தானே கழன்றது. டீச்சர் மரத்தடியில் ஒரு சீமெந்துக் கட்டின் மேல் இருந்தார். படகு போகுது டீச்சர் என்று, வகுப்பில் விடை சொல்கிற அதே குரலில் சொன்னார். திருப்பி நிறுத்தப் போகிறதாக்கும் என்று நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். அது திரும்பவில்லை. ஒருவர் ஜெட்டி நுனிவரை ஓடி, நில்லு நில்லு என்று கத்தினார். கேட்பதற்கு உள்ளே யாராவது இருந்தால்தானே. ஷொப்பிங் பைகளும் குடைகளும் ஓர் உரப்பை மரவள்ளிக்கிழங்கும் யாரோ ஒருவருடைய தொப்பியும் குளுகுளுவென்று கொட்டியாரக்குடாவைக் கடந்து போயின.

நகரத்து ஜெட்டியில் மாலைகளோடும் கமராக்களோடும் அதிகாரிகள் காத்து நின்றார்களாம். படகு அலுங்காமல் வந்து அணைந்ததாம். கதவு திறந்ததாம். வருக, உங்கள் பயணம் இனிதாக அமைந்ததென நம்புகிறோம் என்று குரல் சொன்னதாம். ஒருவரும் இறங்கவில்லை. மாலையோடு நின்றவர் உள்ளே எட்டிப் பார்த்த படம் அன்றைக்கே எல்லோருடைய போனிலும் வந்துவிட்டது. அதைப் பார்த்து ஊர் சிரித்தது. பைப்படகு என்று பெயரும் வைத்தது. நான் சிரிக்கவில்லை. நான் அப்போது டீச்சரோடு ஓர் ஓட்டோவில் கிண்ணியாவைச் சுற்றிக்கொண்டிருந்தேன். குழிக்குள் சில்லு விழுந்து எழும்பும் ஒவ்வொரு தரமும் அவர் என் கையை இறுக்கிப் பிடித்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவருடைய மெஷினில் வேறொருவர் படுத்திருந்தார். அவர்களைக் குறை சொல்ல ஏலாது, மெஷின் சும்மா கிடக்கக் கூடாது. பின்னேரம் இடம் கிடைத்தால் பார்ப்போம் என்றார்கள். வெளியே நடைபாதையில் ஒரு வாங்கில் இருந்தோம். அவருடைய முகம் ஊதிக்கொண்டு வந்தது. சாய்ந்து இருந்தால்கூட மூச்சு முட்டியது. எனக்குப் பயம் வந்தது. அந்தப் பயத்தோடு நான் ஜெட்டிக்கு ஓடினேன், அவருடைய மருந்துகளும் தலையணையும் பையில் இருந்தன. பையை எடுக்க வேண்டுமென்றால் உரியவரின் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும் என்றார், திரையைப் பார்த்தபடி இருக்கிற அந்தக் குளிர் அறைக்காரர். அடையாள அட்டை அந்தப் பைக்குள் என்றேன். அப்படியென்றால் சிக்கல்தான் என்று அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். திரையில் எல்லா இருக்கையும் பச்சையாகத்தான் இருந்தது மிஸ், பிழை ஒன்றுமே காட்டவில்லை என்றும் சொன்னார். நான் அவரைத் தாண்டிப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தேன். அவர் தடுக்கவில்லை, கெட்டவரில்லை.

பின்னேரத்து அஸர் தொழுகை நேரத்துக்குப் பிறகுதான் டீச்சருக்கு மெஷின் கிடைத்தது. தப்பினார். அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத விருப்பமில்லை.

அதற்கடுத்த கூட்டத்தில் ஓர் அறிக்கையை வாசித்தார்கள். முதற் பயணத்தில் ஆசனங்கள் அனைத்தும் நிரம்பியிருந்தன என்று அதில் இருந்தது. நான் அதை மொழிபெயர்க்க மாட்டேன் என்று கழுத்து அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தேன். இடைவேளையில் இன்ஜினியர் என்னிடம் வந்தார். பை வைக்கும் வழக்கத்தை ஏன் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை என்று கேட்டார். ஒருவரும் கேட்கவில்லையே என்றேன். கேட்டோமே, நிறக் கடதாசியில் என்றார். அவர் முகத்தில் கேலி இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். இவர்கள் ஒரு படி மேலே போனார்கள், மேடை நேர், பார்க்க வந்தவர்கள்தான் கோணல் என்றார்கள். ஜெட்டியில் பெரிய அறிவித்தல் பலகை நட்டார்கள். ஆசனங்களில் பொதிகளை வைப்பது முற்றாகத் தடை. பக்கத்தில் பை ஒன்றின் படம், அதன் மேல் சிவப்புக் கோடு. அத்தோடு விடவில்லை. கருவியையும் திருத்தினார்கள். எங்கள் பக்கம் அரிசி மூடைகள் போய்வருகிற பக்கம். ஆகவே ஓர் அரிசி மூடையை விட அதிக பாரம் இருந்தால்தான் ஆள் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்குக் குறைந்தால் பொருள். இருக்கையில் பொருள் இருந்தால் அதை அகற்றும்வரை படகு அசையாது. பிள்ளைகள் மடியில் இருக்கட்டும் என்றார்கள். ஊர் சிரித்தது போதும் என்று நினைத்திருப்பார்கள்.

இன்னொரு புத்திசாலித்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். சூரியன் உச்சியில் இருக்கும்போதுதான் பற்றறி நன்றாக ஏறும் என்று மத்தியானம் முழுக்கப் படகை நகரத்து ஜெட்டியில் ஓய்வில் வைத்தார்கள். ஆஸ்பத்திரிச் சனம் திரும்ப வருகிற நேரமும் மத்தியானம்தான். சூரியனுக்கு மூதூரில் ஒரு வேலையும் இல்லை, ஆனாலும் அதன் வசதிக்குத்தான் நேர அட்டவணை. சரி, காத்திருப்போம் என்றால் எங்கே காத்திருப்பது? ஜெட்டியின் பக்கத்தில் சோலர் தகடுகளை வரிசை வரிசையாக உயரத்தில் பூட்டியிருந்தார்கள். அவற்றுக்குக் கீழே அருமையான நிழல். அந்த நிழலைச் சுற்றிக் கம்பிவேலி, ஆபத்து, உட்பிரவேசிக்கத் தடை. உள்ளே, நகரத்துக் கோட்டைப் பக்கம் திரிகிற மான்களில் இரண்டு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. அவை எப்படிப் புகுந்தன என்று தெரியாது. ஊசி குத்திய கையில் கட்டோடு டீச்சர் வேலிக்கு வெளியே குடை பிடித்து நின்றார். இந்த நிழலை யாருக்காகச் செய்து வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அப்படி ஒரு சனிக்கிழமை பின்னேரம், காத்திருந்து களைத்துப் படகில் ஏறினோம். காலையில் வரும்போது ஒரு சிக்கலும் இருக்கவில்லை. டீச்சர் யன்னலோரம் இருந்தார், நான் பக்கத்தில். எல்லோரும் இருந்தாயிற்று. கதவு மூடவில்லை. குரல் வந்தது. தயவுசெய்து ஆசனத்திலுள்ள பொருளை அகற்றவும். ஆளுக்காள் பார்த்துக்கொண்டோம். இருக்கைகளில் ஒரு பொருளும் இல்லை. இப்போதெல்லாம் நாங்கள் சட்டத்தை மதிக்கிற சனம், பைகள் காலடியில் இருந்தன. குரல் திரும்பவும் அதையே சொன்னது. பிறகு ஒலிபெருக்கியில் குளிர் அறைக்காரர் வந்தார்.

"ரெண்டாவது வரிசை, யன்னல் பக்கம். அந்தப் பொதியை ஒருக்கா இறக்கி வையுங்கோ."

இரண்டாவது வரிசை யன்னல் பக்கத்தில் இருந்தது டீச்சர்.

எழும்பிக் கூரையைப் பார்த்துச் சொன்னேன்.

"அது பொதி இல்லை. ஆள். எங்கட பள்ளிக்கூடத்து டீச்சர்."

திரையில் பொருள் என்றுதான் காட்டுகிறது மிஸ், நான் என்ன செய்ய என்றது ஒலிபெருக்கி. பெண்குரல் அதற்கிடையில் மூன்றாம் தரமும் கேட்டுக்கொண்டது. ஒரு தாய் தன் பிள்ளையின் வாயைப் பொத்தினாள். டீச்சர் யன்னலால் வெளியே பார்த்தபடி கொஞ்சம் யோசித்தார். கரும்பலகைக்கு முன்னால் நிற்கும்போது அப்படித்தான் யோசிப்பார்.

"விளங்கிட்டு டீச்சர்," என்றார். "இண்டைக்கு மெஷினில தண்ணி எடுத்திட்டாங்க. காலைல தண்ணியோட வந்தன், ஆள். இப்ப தண்ணி இல்ல, சாமான். ஒங்கட பையத் தாங்க."

என் பைக்குள் திருத்துவதற்குக் கொண்டுவந்திருந்த பிள்ளைகளின் கொப்பிகள் ஒரு கட்டு இருந்தன. பையை அவருடைய மடியில் வைத்தேன். உடனே குரல் நின்றது. கதவு மூடியது. நன்றி, உங்கள் பயணம் இனிதாக அமையட்டும் என்றது படகு.

முதல் நாள் அவருடைய பையை ஆள் என்று எண்ணிக் கொண்டுபோனது. இப்போது அவரை ஆள் என்று எண்ண ஒரு பை தேவைப்பட்டது. ஜெட்டியைத் தாண்டியதும் நான் பையைத் திருப்பி எடுக்கக் கை நீட்டினேன். வேண்டாம், நடுக்கடலில் நின்றுவிட்டால் இத்தனை பேரும் என்ன செய்வது என்று அவர் விடவில்லை. ஊசி குத்திய கையைத் தூக்கி வைத்துக்கொண்டு, மற்றக் கையால் அந்தப் பாரத்தை மூதூர் வரும்வரை அணைத்துப் பிடித்திருந்தார்.

இன்ஜினியரிடம் சொன்னேன். அரிய தகவல் என்றார், அடுத்த கட்டத்தில் நோயாளர் என்று தனி வகையொன்று சேர்க்கலாம் என்றார். டீச்சரின் நிறை என்ன என்றும் கேட்டார். நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். அடுத்த கட்டம் இன்னும் வரவில்லை.

ஆகவே சனிக்கிழமைகளில் வெளிக்கிடும்போது என் பையின் அடியில் குசினியிலிருந்து அம்மிக்குழவியை எடுத்துப் போட்டுக்கொண்டு போகிறேன். திரும்பி வரும்போது மட்டும்தான் அது அவருக்குத் தேவைப்பட்டது. போன சனிக்கிழமை காலை, உடம்பில் தண்ணீரோடு போகிற அந்த நேரத்திலும், மூதூர் ஜெட்டியில் ஏறி இருந்ததும், படகு ஒன்றும் சொல்வதற்கு முன்பே அவர் பைக்காகக் கையை நீட்டினார்.